புள்ளி இல்லாத எழுத்து

ஜப்பானில் ஏழு வருடம் இங்கிலிஷ் படிப்பித்தேன் என்று சொன்னால், கொழும்பு வெள்ளவத்தையில் முதலில் வருகிற கேள்வி இதுதான்: “ஏன், அங்க வெள்ளைக்காரர் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?” கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ஜப்பானிலும் எல்லாருடைய மனதிலும் அதே கேள்விதான் இருந்தது; மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. முதல் நாள் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் கையை உயர்த்தி, “அமெரிக்காவில் எந்த இடம்?” என்று கேட்டான். கொழும்பு என்றேன். சுவரில் இருந்த உலகப் படத்தில் அமெரிக்காவுக்குள் கொழும்பைத் தேடத் தொடங்கிவிட்டான்.

2016 ஏப்ரலில் போனேன். அங்கே பாடசாலை ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜெட் என்று ஒரு திட்டம் இருக்கிறது, 1987 முதல் அரசாங்கமே வெளிநாட்டு ஆசிரியர்களைக் கூப்பிடுவது. அதில் போகிறவர்களுக்கு ஒரு தனி மதிப்பு. நான் அதில் போகவில்லை. நகரசபைகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு தனியார் கொம்பனி மூலம் போனேன். பெயர் உதவி ஆசிரியர். பாடசாலையில் எல்லாரும் ஏ.எல்.ரி என்பார்கள். விசாவுக்குப் பன்னிரண்டு வருடம் ஆங்கில மொழிமூலம் படித்ததற்குக் கடிதம் கேட்டார்கள். என்னைச் சர்வதேசப் பாடசாலையில் படிப்பித்த செலவை அப்பா தவணைக்குத் தவணை சொல்லிக்காட்டுவார். அந்தக் கடிதத்தைக் கண்டபிறகு நிறுத்திக்கொண்டார்.

வேலை பிடித்தது, கொம்பனி பிடிக்கவில்லை. ஆகஸ்ட் விடுமுறைக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் சம்பளத்தில் வெட்டு விழும் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. முதல் ஆகஸ்ட் முழுக்க முட்டையும் சோறும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னைப் போட்ட இடம் நீகாத்தா மாகாணத்தில், நகவோகாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பனி என்றால் அப்படி ஒரு பனி. வீதியின் நடுவில் குழாய் பதித்து, நிலத்தடி நீரைச் சின்னச் சின்னத் துவாரங்களால் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம். அதனால் அந்தப் பக்கத்து வீதிகளெல்லாம் துருப்பிடித்த சிவப்பு நிறம். அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “உதென்ன றோட்டு, எங்கட சுன்னாகத்து மண் மாதிரிக் கிடக்கு?” என்றா. உது. அந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

அம்மாவோடு கதைக்கிற நேரம் ஜப்பானில் இரவு எட்டரை, கொழும்பில் பின்னேரம் ஐந்து. மூன்றரை மணித்தியால வித்தியாசம். அம்மா தேத்தண்ணியோடு இருப்பா, நான் மண்ணெண்ணெய் ஹீற்றருக்கு முன்னால் போர்வையோடு இருப்பேன். ஏழு வருடமும் அவவால் ஏற்றுக்கொள்ள முடியாத ஒரே விடயம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்ந்து பாடசாலையைக் கூட்டித் துடைப்பதுதான். “ரீச்சரும் கூட்டவேணுமோ?” ஓம் அம்மா. “பிரின்சிப்பலுமோ?” அவரும்தான். எங்கள் அதிபர் வாசலில் சப்பாத்து வைக்கிற தட்டுகளைத் தன் கையால் துடைப்பார். அம்மா அதைத் தன் சகோதரிகளுக்குச் சொல்லும்போது, “பிள்ளைக்கு அங்க நல்ல மரியாதை” என்று மட்டும் சொன்னதாகப் பின்னர் தெரிய வந்தது.

மத்தியானச் சாப்பாடும் பாடசாலையில்தான். பிள்ளைகள் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட்டுக்கொண்டு தாங்களே பரிமாறுவார்கள். மாதத் தொடக்கத்தில் அந்த மாதம் முழுவதற்குமான சாப்பாட்டு அட்டவணை தருவார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஜப்பானியர் எழுதுகிற சீன எழுத்துக்குக் ‘கான்ஜி’ என்று பெயர். அதனால் நான் முதன்முதலாக மனப்பாடம் செய்த கான்ஜி, மாடு. நாலே கோடு, சுலபம். முதல் அட்டவணை வந்ததும் சிவப்புப் பேனாவால் மாடு வருகிற நாளெல்லாம் வட்டம் போட்டேன். பார்த்தால் எல்லா நாளும் வட்டம்! இந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் மாடு சாப்பிடுகிறார்களா என்று மலைத்துப்போய், அட்டவணையை உப அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாப்பாட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார், இருவரும் கவலையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகுதான் ஒருவர் மெல்லச் சொன்னார், பால் என்று எழுதும்போதும் முதல் எழுத்து மாடுதானாம். பாலும் தினமும் ஒரு பெட்டி உண்டு. மாடு உண்மையாக வந்தது மாதத்தில் இரண்டே நாள்.

சாப்பாட்டில் எனக்கு ஆறுதல் தந்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை மாதிரிக் காயவைத்து, சீவி எடுப்பார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். பக்கெற்றைத் திறந்ததும் வந்த வாசம் அப்படியே எங்கள் மாசிதான். வெள்ளவத்தையில் எங்களுக்குப் பின்வீட்டுச் சிங்கள மாமி உம்பலகட இடிக்கும்போது வருகிற வாசம். அன்றிரவே வெங்காயம், கொச்சிக்காய்த்தூள், தேசிக்காய் போட்டு ஒரு சம்பல் செய்தேன். மாசி மாதிரிப் பல்லுக்குள் கடிபடாது, பஞ்சு மாதிரிக் கரைந்துவிடும். பரவாயில்லை, சோறு இறங்கியது.

சரி, படிப்பித்த கதைக்கு வருகிறேன்.

நடுநிலைப் பாடசாலையில் என் வேலையின் பெரும்பகுதி வாசிப்பது. ஜப்பானிய ஆசிரியர் பாடத்தை ஜப்பானிய மொழியில் விளங்கப்படுத்துவார். சைகை காட்டினால் நான் ஒரு வசனத்தை வாசிப்பேன். முப்பது பேர் திருப்பிச் சொல்வார்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே மனித ரேப் ரெக்கோடர் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வது இதனால்தான். முதல் வருடம் அந்த ரெக்கோடரிலும் ஒரு பழுது இருப்பது தெரிய வந்தது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கையில்லாத மேற்சட்டைக்குச் சொல்கிற ‘வெஸ்ட்’டும் மேற்குத் திசைக்குச் சொல்கிற ‘வெஸ்ட்’டும் எப்படி வேறுபடும் என்று கேட்டாள். சொல்லிக்காட்டினேன். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தன. இன்னொரு முறை சொன்னேன். அதேதான். எங்களுக்கு ‘வ’ ஒன்றுதானே! கொழும்பில் வைனும் ‘வைன்’தான், கொடியும் ‘வைன்’தான், யாரும் குழம்பியதில்லை. ஜப்பானிய ஆசிரியர் ஒன்றும் பேசாமல் சீ.டி.யைப் போட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிள்ளைகளின் வாயில் முதலாவது ‘பெசுத்தோ’, இரண்டாவது ‘உஎசுத்தோ’. தப்போ சரியோ, அவர்களிடம் வித்தியாசம் இருந்தது. பன்னிரண்டு வருடக் கடிதம் வைத்திருந்த என்னிடம் இல்லை.

அன்றிரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று கீழுதட்டைக் கடித்துக் கடித்துப் பழகினேன். முப்பத்திரண்டு வயதில்.

அந்தப் பிள்ளைகளின் இங்கிலிஷ் ஏன் அப்படி நீண்டு விழுகிறது என்று ஒரு மாதமாக யோசித்தேன். பால் அவர்கள் வாயில் ‘மிருக்கு’. எனக்கு மிருகம் ஞாபகம் வரும். ‘மக்குதொனருதோ’ என்றால் என்னவென்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் சென்றது, பர்கர் கடை. ஒருநாள் ஆசிரியர் அறையில், வெளிநாட்டுச் சொற்களை எழுதுகிற கதகானா எழுத்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. ‘க, கி, கு, கே, கோ’ எல்லாம் இருக்கிறது. ‘க்’ இல்லை. உயிர் இல்லாமல் தனியாக நிற்கக்கூடிய மெய் ‘ன்’ ஒன்றுதான். மற்ற எழுத்து எதை எடுத்தாலும் பின்னால் ஒரு உயிர் ஒட்டிக்கொண்டே இருக்கும். அவர்களுக்குப் புள்ளி இல்லை!

தமிழ் படித்த பிள்ளைக்குப் புள்ளி ஒரு பெரிய விடயமே இல்லை. முதலாம் ஆண்டில் வெள்ளைக்கட்டியால் எழுத்தின் தலையில் ஒரு குத்துக் குத்தினால் உயிர் போய்விடும், முடிந்தது. நான் தமிழைப் பாடசாலையில் படித்ததைவிட ஞாயிற்றுக்கிழமைகளில் பம்பலப்பிட்டியில் ஒரு அன்ரியிடம் படித்ததுதான் அதிகம். அவ புள்ளி வைக்க மறந்தால் குட்டுவா. அந்தக் குட்டு ஜப்பானில் பயன்படும் என்று அவவும் நினைத்திருக்கமாட்டா.

ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் செய்து பார்த்தேன். கரும்பலகையில் கதகானாவில் மி, ரு, கு என்று எழுதினேன். எல்லாரும் “மிருக்கு!” என்றார்கள். பிறகு சிவப்புச் சோக்கால் கடைசி ‘கு’வின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன். எங்கள் நாட்டில் இதற்கு அர்த்தம், ‘உ’வைத் தின்றுவிட்டோம் என்றேன். வாயை மூடிக் காட்டினேன். அமைதி. முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை மெல்ல, “மிருக்…” என்று சொல்லி நிறுத்தி, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பிறகு ‘ரு’வின் தலையிலும் வைத்தேன். வகுப்பு முழுக்க ‘மிர்க்’, ‘மிர்க்’ என்று வாத்துக் கூட்டம் மாதிரி. இங்கிலிஷ்காரன் கேட்டால் ஓடிப்போயிருப்பான். ஆனால் முதல் முறையாகச் சொல்லின் கடைசியில் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மேசை, பேனா, நாய், பூனை, எல்லாவற்றுக்கும் புள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மணி அடித்தும் எழும்பவில்லை.

அடுத்த கிழமை வினை வந்தது. ஜப்பானிய எழுத்தில் ‘ஹ’ வரிசையின் தலையில் ஒரு சின்ன வட்டம் போட்டால் அது ‘ப’ ஆகிவிடும். என் புள்ளியைப் பிள்ளைகள் வட்டமாகவே எழுதியிருந்தார்கள். தேசிய மொழிப் பாடக் கொப்பியிலும் இரண்டொரு பேர் ‘கு’வுக்கு வட்டம் போட்டுவிட்டார்கள். வகுப்பாசிரியை என்னிடம் வந்து, புள்ளி மிகவும் சுவாரசியமாக இருந்தது, ஆனால் அது “சொத்தோ…” என்று இழுத்தா. ஜப்பானில் அந்த இழுவையின் பொருள் ‘கூடாது’. நிறுத்திக்கொண்டேன். 2020இல் ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கு இங்கிலிஷ் புள்ளி போடுகிற முறையான பாடமாக வந்தபோது (இது மதிப்பெண் புள்ளி), என் புள்ளிக்கு அங்கே இடமே இருக்கவில்லை. போதாக்குறைக்குக் கொரோனா. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நாக்கைப் பல்லுக்கு நடுவில் எப்படி வைப்பது என்று காட்டிப் பாருங்கள்.

அதே ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், வாயே திறக்காதவன். அவன் முறை வரும்போது மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பக்கத்தில் இருக்கிறவன் விடையைக் காதில் சொன்னாலும் சொல்லமாட்டான். வெட்கம் என்றா வகுப்பாசிரியை. வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

1996, எனக்குப் பன்னிரண்டு வயது. கொள்ளுப்பிட்டியில் ரியூசன் முடிந்து முதல் தடவையாகத் தனியே 100ஆம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வருகிறேன். சனம் நெருக்கி நின்றது, மணிக் கயிறு எட்டவில்லை. ‘பஹினவா’ என்று சிங்களத்தில் கத்தவேண்டும், அவ்வளவுதான். இறங்குகிறேன் என்று அர்த்தம். வீட்டில் நூறு தடவை சொல்லிப் பார்த்த சொல். ஆனால் அந்த யுத்தக் காலத்தில் கொழும்பில் ஒரு சொல்லைச் சொன்னதும் பஸ்ஸில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், இது எங்கே இருந்து வந்த பிள்ளை என்று. ‘ஹ’ சரியாக வருமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் தரிப்பிடம் போனது. அடுத்ததும் போனது. தெஹிவளையில் யாரோ இறங்க, பின்னால் ஒட்டிக்கொண்டு இறங்கி, அழுதுகொண்டு நடந்து வந்தேன். அம்மாவிடம், நித்திரையாகிப் போனேன் என்றேன்.

அதனால் அந்தப் பையனை நான் கேள்வி கேட்டதில்லை. துப்புரவு நேரத்தில் அவன் குழுவோடு போய் முழங்காலில் இருந்து நடைபாதை துடைப்பேன். ஒருநாள் துணியைக் காட்டி, இதற்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டான். இங்கிலிஷ் அல்ல, உங்கள் பாஷை. எனக்குச் சட்டென்று துணியைவிடச் செய்கிற வேலைதான் வாயில் வந்தது. “துடை” என்றேன். “சுதை?” “துடை.” “துதை.” சரி, போதும். பதிலுக்கு நான் அந்தத் துணியின் ஜப்பானியப் பெயரை ‘சொக்கின்’ என்றேன். அவன் முதல் தடவையாகச் சிரித்தான். ‘சோ’வை இழுக்கவேண்டுமாம். மூன்று முறை சொல்லவைத்தான், ஒரு முறையும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவன் பிறகும் இங்கிலிஷ் பேசவில்லை. கதைகளில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஆனால் தினமும் மத்தியானம் ஒன்றரைக்கு “சென்செய், துதை!” என்று கத்திக்கொண்டு துணியைத் தள்ளுவான். ஒரு மாதத்தில் அந்த நடைபாதை முழுக்க “துதை, துதை.” உப அதிபர் என்னிடம் வந்து, அது என்ன இங்கிலிஷ் சொல், அகராதியில் கிடைக்கவில்லையே என்று கேட்டார்.

இப்போது உதுவுக்கு வருகிறேன். போவதற்கு முன் கொழும்பில் நான் ஜப்பானிய மொழி படித்த வகுப்பு சிங்கள மொழிமூலம். வேறு வகுப்புக் கிடைக்கவில்லை. முதல் பாடம் கொரே, சொரே, அரே. கொரே எனக்குப் பக்கத்தில் இருப்பது. சொரே உனக்குப் பக்கத்தில் இருப்பது. அரே இருவருக்கும் தூரத்தில். ஆசிரியை “மேக, ஓக, அரக” என்றா. சிங்களப் பிள்ளைகளுக்கு விடயம் முடிந்தது. நான் இது, அது என்று இரண்டை வைத்துக்கொண்டு முழித்தேன். மூன்றாவதை எங்கே வைப்பது? வீட்டுக்கு வந்து கொப்பியை மேசையில் விரித்தேன். அடுப்படியில் இருந்து அம்மா, “உதென்ன உது, கிறுக்கல்?” என்றா. அட! எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. இது, உது, அது. இப்போது எழுத்தில் அதிகம் காணாத, யாழ்ப்பாணத்துப் பேச்சில் உயிரோடு இருக்கிற உது.

அதற்குப் பிறகு ஜப்பானிய மொழி எனக்கு இங்கிலிஷ் வழியாக வரவே இல்லை. ‘தபெதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்றால் பார். வேறெதற்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘இகு தோ இத்தா’, போகிறேன் என்று சொன்னான். ‘தோ’ இருக்கிற இடத்தில் ‘என்று’ உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் பளபள என்றால் அவர்கள் கிரகிர. என்னோடு வேலை செய்த கனடாக்காரப் பெண் வினைச்சொல்லைக் கடைசிக்குக் கொண்டுபோக இரண்டு வருடம் தலைகீழாக நின்றாள்.

இதைச் சொன்னதும் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமா, “அதுதானே பிள்ளை, தமிழும் யப்பானும் ஒண்டு எண்டு நிரூபிச்சாச்சே” என்பார். அவர் சொல்வது, அப்படி ஒரு கருத்தைச் சொன்ன ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்தார்கள். இரண்டு மொழிக்கும் ஒரு வேர் என்பதை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளவில்லை. சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வருகிறது, ஓக கூட இருக்கிறது, அதற்காகச் சிங்களமும் ஜப்பானும் சொந்தம் என்று யாரும் சொல்வதில்லையே மாமா என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குச் சொந்தம் தேவைப்படவில்லை, வழி கிடைத்ததே போதும்.

2023 மார்ச்சில் திரும்பி வந்தேன். இப்போது காலி வீதிக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், புடைவைக் கடைக்கு மேலே ஒரு அறையில், பின்னேரங்களில் ஜப்பானிய மொழி படிப்பிக்கிறேன். தமிழில். 2019இல் ஜப்பான் புதுவகை வேலை விசா தொடங்கியதில் இருந்து இங்கே எல்லாருக்கும் ஜப்பான் ஆசை. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். என்4 என்கிற ஜப்பானிய மொழிப் பரீட்சையோ அதற்கு ஈடான ஒன்றோ சித்தியடைய வேண்டும், பிறகு தொழில் பரீட்சை. காற்றாடி சுற்றினால் கொப்பி பறக்கும், நிறுத்தினால் வியர்வை. ஐந்து பேர்.

போன செவ்வாய்க்கிழமை புது அணிக்கு முதல் பாடம். கொரே, சொரே, அரே என்று எழுதிவிட்டு, பெருமையாகத் திரும்பி, “இது, உது, அது. அவ்வளவுதான்” என்றேன். யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பிள்ளை உடனே தலையாட்டி எழுதத் தொடங்கியது. ஹட்டனில் இருந்து வந்த தம்பி பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்தான்.

“உதுன்னா என்ன டீச்சர்?”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மலையகத்தில் உது இல்லை என்பதை நான் யோசித்ததே இல்லை. சரி, சிங்களத்தில் ஓக என்று தொடங்கினேன். அவனுக்குச் சிங்களமும் அரைகுறையாம். மானிப்பாய்ப் பிள்ளை எழும்பி, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவன் விரல்களுக்கு இடையில் இருந்த பேனாவைக் காட்டியது.

“உது.”

அவன் பேனாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையில் இருந்த அழிரப்பரைக் காட்டி, “சொரே?” என்றான்.